போர்ட்லாண்டில் ஒரு 'காய்ச்சல்'!

"அவன் அங்கே காய்ச்சுறானாம், தம்பி!"

மன்னார்குடியில் என் பள்ளித் தோழனின் அம்மா இப்படிச் சொன்னபோது, "ரசமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நம்மூரில் 'காய்ச்சுறான்' என்று மொட்டையாகச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்!

நண்பன் அமெரிக்காவில் ஆரெகன் மாநிலம் போர்ட்லாண்ட் நகரத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். வீட்டிலேயே பீர் தயாரிப்பது பொழுதுபோக்கு. யாரோ ஒரு புண்ணியவான் அதை ஊரில் சொல்லிவிட்டார்.

அம்மா பதறியதில் நியாயம் உண்டு. அவர் புருஷன் கள்ளச்சாராயத்துக்கு ஈரலைக் கொடுத்து 41 வயதில் போய்ச் சேர்ந்தவர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இரண்டு நாள் டி.வி.யையே போடாமல் இருந்தாராம்.

"நீ கல்யாணத்துக்கு அமெரிக்கா போறியாமே? அப்படியே அவனை ஒரு எட்டு பார்த்துட்டு வா. குடிக்கிறானான்னு நான் கேக்கலை. தனியா உக்காந்து குடிக்கிறானான்னு மட்டும் பாரு."

ஆக, பி.காம். படித்துவிட்டு பத்திரிகைக்குத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்த அடியேன், செப்டம்பர் முதல் வாரத்தில் சர்வதேச உளவாளியானேன்.

சியாட்டிலில் சித்தப்பா பெண்ணின் கல்யாணம் முடிந்த கையோடு ரயில் ஏறினேன். மூன்றரை மணி நேரத்தில் போர்ட்லாண்ட். ஊர் நடுவே வில்லாமெட் ஆறு, அதன்மேல் வரிசையாகப் பாலங்கள். தூரத்தில் தலையில் பனியோடு ஹூட் மலை, விபூதி பூசிய தாத்தா மாதிரி. அந்த மலைப் பக்கம் இருக்கும் புல் ரன் காட்டிலிருந்துதான் ஊருக்கே குடிதண்ணீர். உப்பே இல்லாத தண்ணீர். "பருப்பு சீக்கிரம் வேகும். பீருக்கும் நல்லது" என்றான் நண்பன். பருப்பையும் பீரையும் ஒரே மூச்சில் சொன்னவனை அன்றுதான் பார்த்தேன்.

"போலீஸ் வராதாடா?" இதுதான் என் முதல் கேள்வி.

சிரித்தான். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மதுவிலக்கு இருந்தது. 1933-ல் அதை நீக்கியபோது வீட்டில் ஒயின் செய்ய அனுமதித்தவர்கள், பீரை விட்டுவிட்டார்கள். 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டபிறகுதான் மத்திய சட்டத்தில் வழி பிறந்தது. கடைசியாக மிசிசிப்பி, அலபாமா இரண்டும் 2013-ல்தான் இறங்கி வந்தன. வருடத்துக்கு ஒரு ஆளுக்கு 100 காலன், வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200. ஒரு சொட்டுகூட விற்கக் கூடாது. புளிக்க வைக்கலாம், சாராயம் மாதிரி வடித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

மறுநாள் காரில் வில்லாமெட் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனான். ஹாப்ஸ் தோட்டங்கள்! 18 அடி உயரத்தில் கம்பி, அதிலிருந்து கயிறு, கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறும் பச்சைக் கொடி. நம் கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலை யாரோ ராட்சசர்களுக்காகப் போட்டது போல. அறுவடைக் காலமாதலால் ஊரே மணத்தது. ஒரு காயைப் பிய்த்துக் கசக்கினால் மஞ்சள் பொடி. நார்த்தங்காய்த் தோல் வாசனை. பீரின் கசப்பும் மணமும் இதிலிருந்துதான். 'கேஸ்கேட்' என்ற புகழ்பெற்ற ரகம் பக்கத்து கார்வாலிஸ் ஊர் ஆராய்ச்சியில் உருவாகி 1972-ல் வெளிவந்ததாம். நாக்கில் வைத்துப் பார்த்தேன். நிலவேம்புக் கஷாயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

அன்று மாலைதான் விபரீதம். "என் சரக்கைப் பாரு" என்று ஒரு பாட்டில் மூடியைத் திறந்தான். 'புஸ்ஸ்ஸ்...' ஆயுத பூஜைக்கு உடைத்த சோடா மாதிரி நுரை கூரைவரை போயிற்று. பாட்டிலில் மிச்சம் இரண்டு ஸ்பூன்.

"மூணு ஈடா இப்படித்தான்டா ஆகுது" என்றான் பரிதாபமாக. (இட்லிக்கு மட்டுமல்ல, பீருக்கும் அவன் கணக்கு ஈடுதான். ஒரு ஈடு என்பது 19 லிட்டர், சுமார் 50 பாட்டில்.)

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற பிளம்பர். முப்பது வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர். கூரையிலிருந்து சொட்டுவதை அண்ணாந்து பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்.

"முதலில் திறந்த பாட்டில் எப்படி இருந்தது?"

"நன்றாக இருந்தது."

"அடுத்த வாரம்?"

"கொஞ்சம் பொங்கியது."

"அதற்கடுத்த வாரம் இன்னும் அதிகம், இல்லையா? அப்படியானால் சர்க்கரைக் கணக்கு தப்பில்லை. சர்க்கரை கூடிப்போனால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். வாரா வாரம் ஏறினால், உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள்!"

பாட்டிலில் வாயு வருவதற்காக, அடைக்கும்போது ஈட்டுக்கு 120 கிராம் போலச் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று நுரையைத் தரும். ஆனால் காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ புகுந்துவிட்டால், நல்ல ஈஸ்ட் வேண்டாமென்று ஒதுக்கியதையும் அது விடாமல் தின்றுகொண்டே இருக்கும். பாட்டில் வெடிக்கக்கூட வெடிக்கும்.

பெரியவர் நேரே போய், பாட்டிலில் நிரப்பும் வாளியின் அடிக்குழாயைக் கழற்றினார். பிளம்பர் அல்லவா? இரண்டாகப் பிரித்தும் காட்டினார். உள்ளே ஊறுகாய் ஜாடி விளிம்பு மாதிரி பழுப்புப் பிசுக்கு! நண்பன் ஒவ்வொரு முறையும் வாளியைத் தேய்த்து, கிருமிநாசினியைக் குழாய் வழியே ஓடவும் விட்டிருக்கிறான். ஆனால் குழாயை ஒருநாளும் பிரித்ததில்லை.

"அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் அழுக்குதான் குளிக்கும். முதலில் தேய், பிறகு மருந்து" என்றார்.

வியாதிகளின் பட்டியலையே ஒப்பித்தார் மனிதர். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால், அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்துவிட்டாய். வெண்ணெய் வாசனை என்றால், இன்னும் இரண்டு மூன்று நாள் ஈஸ்ட்டோடு விட்டு வை, அதுவே சரிசெய்துவிடும். ஸ்கங்க் பிராணி நாற்றம் அடித்தால் பாட்டிலில் வெயில் பட்டிருக்கிறது. பழுப்புப் பாட்டிலில் இருட்டில் வை. குமிழி வரவில்லை என்றால் அழாதே, மூடி இடுக்கில் காற்று போயிருக்கும், ஹைட்ரோமீட்டரைக் கேள். 1.050-ல் ஆரம்பித்தது 1.012 பக்கம் வந்து மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கணக்குக்கு ஆல்கஹால் 5 சதவிகிதம்.

மிச்சமிருந்த பாட்டில்களைக் குளிரவைத்து, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றினான் நண்பன். எனக்கென்னவோ அந்த அம்மாவுக்கு அப்போதே போன் போட்டு இந்தச் சத்தத்தைக் கேட்கவைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் புது ஈடு. காலையில் அவன் ஒரு பாக்கெட்டை மேஜைமேல் வைத்து ஓங்கி அறைந்தான். கோபமில்லை, ஈஸ்ட்டை எழுப்பும் முறையே அதுதான்! உள்ளிருக்கும் சின்னப் பை உடைந்து சாப்பாடு கிடைத்ததும் பாக்கெட் பூரி மாதிரி உப்புகிறது. ஹூட் மலையடிவாரத்தில் 1986-ல் தொடங்கிய 'வையீஸ்ட்' கம்பெனி சரக்கு. மலைக்குப் பூர்வகுடிகள் சொல்லும் பெயரே அதுதானாம்.

முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புச் சாறை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, செம்புச் சுருள் குழாயால் மளமளவென்று 20 டிகிரிக்கு இறக்கி, ஈஸ்ட்டை ஊற்றி மூடினோம். நடுவில் கழுவல், கழுவல், கழுவல்! ஏழு மணி நேர வேலையில் நாலு மணி நேரம் நான் பாத்திரம் தேய்த்தேன். இனி காத்திருப்பு, ஒரு மாதத்துக்கு மேல். தேய்மானம் சேர்த்து அடக்க விலை போட்டுக் காட்டினேன். கடையில் வாங்குவதே லாபம்!

"கணக்குப் பிள்ளையா நீ? அப்ப இதைத் தணிக்கை பண்ணு" என்று ஒரு நோட்டை நீட்டினான்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் 50 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்குக் கொடுத்தது என்ற விவரம். ஆபீஸ் நண்பர்கள், தபால்காரர், எதிர்வீட்டுக்காரர்... அவன் பெயர் ஈட்டுக்கு நாலைந்து இடத்தில்தான். புரட்டிக்கொண்டே வந்தவன் ஒன்பதாவது ஈட்டில் நின்றேன். ஜனவரி மாதம். 14 கட்டங்கள் காலி.

"அப்பதான்டா டைவர்ஸ் ஆச்சு. வெளியில ஒரே மழை. எழுதலைன்னா நான் குடிச்சேன்னு அர்த்தம். தனியா" என்றான், தரையைப் பார்த்தபடி. "பதினாலாவது பாட்டிலைத் திறக்கறப்ப என் கை அப்பா கை மாதிரியே தெரிஞ்சுது. மிச்சத்தை அப்படியே தூக்கிக்கிட்டுப் போயி, பேசிப் பழகாத பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அப்புறம் நாலு மாசம் பானையைத் தொடல."

பதினைந்தாவது கட்டத்தைப் பார்த்தேன். 'பிளம்பர்' என்று எழுதியிருந்தது.

"அப்புறம் ஏன்டா மறுபடி ஆரம்பிச்சே?"

"அப்பா உள்ள என்ன இருக்குன்னே தெரியாம குடிச்சார். எனக்குத் தெரிஞ்சே ஆகணும்டா." கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட சொல்றதா இருந்தா முழுசா சொல்லு" என்றான்.

ஊர் திரும்பியும் இரண்டு மாதம் மன்னார்குடிப் பக்கம் நான் தலைகாட்டவில்லை. பயம்தான். ஒருநாள் போன் வந்தது. "நாலு வாரமா வாரத்துக்கு ஒண்ணு திறந்து பார்க்கிறேன். பொங்கலைடா! குழாய்தான் குற்றவாளி!"

இனி சாக்கு இல்லை. போனேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"கணக்கா?" அம்மா வறட்சியாகச் சிரித்தார். "அவங்கப்பாவுக்கும்தான் கணக்கு இருந்துச்சு, வாய்க்கால் கரையில. அதை அடைக்க ரெண்டு ஆட்டை வித்தேன்."

14 கட்டங்களைச் சொன்னேன். அவர் கை, அரிசி பொறுக்குவதை நிறுத்தியது. வெகுநேரம் பேச்சில்லை.

"பதினஞ்சாவது?"

"பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் காய்ச்சுறாங்கம்மா."

முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, மறுபடி பொறுக்க ஆரம்பித்தார்.

"அடுத்த தடவை பேசறப்ப, அந்தப் பெரியவரை நான் கேட்டதா சொல்லச் சொல்லு, தம்பி."