வாதம் தோற்கும் இடம்

மூடநம்பிக்கையை எதிர்ப்போர் கையில் உள்ள கருவி ஒன்றே ஒன்று. அது கேள்வி! பேய் பிடித்தது என்றால், பிடித்ததைக் காட்டு என்கிறோம். நல்ல நாள் என்றால், அந்த நல்ல நாளில் தொடங்கிய கடை ஏன் நொடித்தது என்கிறோம். சான்றின் முன்னே பொய் நிற்காது என்பது நம் உறுதி. பெரும்பாலும் அது நிற்பதுமில்லை.

ஆனால், நண்பர்களே! சான்று கண்டும் அசையாத பொய் ஒன்று உண்டு. எடுத்துரைக்க எடுத்துரைக்க இறுகுகின்ற பொய். எந்த ஏமாற்றுக்காரனும் புகட்டாத பொய். நோய் புகட்டிய பொய் அது. அதனையும் மூடநம்பிக்கை என்று எண்ணி வாதிடப் புகுவோர் தோற்பர். அந்தத் தோல்விக்கு ஓர் உயிரையே விலையாகக் கொடுக்கவும் நேரலாம்.

மனச்சோர்வு என்னும் சொல் இன்று எவர் வாயிலும் புரள்கிறது. தேர்வில் தோற்றவனும் சோர்ந்தேன் என்கிறான். காதலில் தோற்றவனும் சோர்ந்தேன் என்கிறான். அது துயரம், காலம் ஆற்றும். நோயாகிய மனச்சோர்வு வேறு. இரண்டு வாரமோ அதற்கு மேலோ நாள்தோறும் நீடிக்கும் இருள் அது. விருப்பமாகச் செய்தவையெல்லாம் வெறுத்துப்போகும். விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். காலையிலே கனம் மிகுந்து, மாலையிலே சற்றே குறையும். உணவு குறையும், உடல் மெலியும், நடை தளரும். சிலர்க்கோ தளர்ச்சிக்கு மாறாக ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பு மிகும். நான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணம் நெஞ்சை அரிக்கும்.

இந்நோய் கடுமையாகும்போது சிலர்க்கு மற்றொரு படி உண்டு. எண்ணம் மெய்ந்நிலையை விட்டே பிறழ்கிறது. உதவாதவன் என்று நினைத்தவன், 'நான் கொடிய குற்றவாளி; தண்டனை வந்துகொண்டிருக்கிறது' என்று உறுதியாக நம்புகிறான். ஆளில்லாத இடத்தில் அவனை ஏசும் குரல் கேட்கிறது. உளப்பிறழ்வு கூடிய மனச்சோர்வு என்று இதனைக் கூறுவர். அதில் எழும் அசையா உறுதியைப் பிறழ்நம்பிக்கை என்று சொல்லிக்கொள்வோம்.

என் பெரியப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் இடித்தாலும் விளக்கணைக்காத மனிதர். ஓய்வுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் மெல்ல மெல்ல மாறினார். செய்தித்தாளைத் தொடுவதில்லை, தேநீர்க் கடைப் பக்கம் போவதில்லை, மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் அமர்ந்துவிடுவார். ஒன்று கேட்டால், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் நெடுநேரம் கழித்துப் பதில் வரும். வேலையில்லாத சலிப்பு என்றனர் வீட்டார்.

பிறகு ஒருநாள் சொன்னார்: "சங்கப் பணத்தைக் கையாடிவிட்டேன். போலீஸ் வரப்போகிறது."

பெரியப்பாவின் மகன், என் அண்ணன், பகுத்தறிவில் தோய்ந்தவர். ஊர்ச் சாமியாடியை ஒரே கேள்வியில் வாயடைத்தவர். தணிக்கைச் சான்றைக் கொண்டுவந்து காட்டினார். வங்கிப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பெரியப்பா ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, "இதையும் நானே திருத்தி வைத்திருக்கிறேன்" என்றார். சங்கச் செயலாளரையே அழைத்து வந்து பேசவைத்தார் அண்ணன். அவர் போனபின், "உளவு பார்க்க வந்துவிட்டுப் போகிறான்" என்றார் பெரியப்பா. கொண்டுவந்த சான்றெல்லாம் குற்றச்சாட்டுக்குத் துணையாயிற்று!

பெரியம்மா வழி உறவினர், செய்வினை என்றனர். தாயத்துக் கட்டுபவன் வந்தான், எலுமிச்சை அறுத்தான், "முன்செய்த பாவம், பரிகாரம் செய்ய வேண்டும்" என்றான். பெரியப்பா தலையசைத்தார்! ஏன் அசைக்கமாட்டார்? பாவி என்று நோய் சொன்னதையே இவனும் சொன்னான். ஒருவர் இல்லை என்று வாதாடினார். ஒருவன் ஆம் என்று காசு பார்த்தான். இருவர் கையும் நோயைத் தொடவில்லை. அதற்குள், "குடல் அழுகிவிட்டது, சோறு இறங்காது" என்று உண்பதையும் நிறுத்திவிட்டார்.

அன்று மாலை நான் அவரருகே அமர்ந்தேன். அவர் காது எதற்கோ சாய்ந்தபடி இருந்தது. "ஏதேனும் குரல் கேட்கிறதா பெரியப்பா?" என்றேன்.

பல நாளுக்குப் பின் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் கேட்கிறதா, தம்பி?"

"எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். எவ்வளவு வாட்டுகிறதோ!"

மாசியிலிருந்து கேட்கிறது என்றார். எவரிடமும் சொல்லவில்லையாம்; எவரும் கேட்கவுமில்லை. "செத்துப்போகத் தோன்றுகிறதா?" என்றேன். "நான் போய்விட்டால் உங்களுக்குத் தலைகுனிவு இராது" என்றார். முதல்வாரம் தம் கைக்கடிகாரத்தைப் பேரனுக்குக் கழற்றிக் கொடுத்ததன் பொருள் அப்போது விளங்கிற்று. அன்றிரவே மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சென்றோம்.

மூடநம்பிக்கைக்கும் பிறழ்நம்பிக்கைக்கும் வேறுபாடு என்ன? மூடநம்பிக்கை ஊரோடு சேர்ந்து வருவது. தாயும் தெருவும் கற்பித்தது. கற்றதனால், மறக்கவும் கூடியது. பிறழ்நம்பிக்கையில் மனிதன் தனியன். ஊரே ஒரு பக்கம், அவன் மட்டும் மறுபக்கம். பூனை குறுக்கே போனால் ஆகாது என்று அஞ்சுபவன் நோயாளி அல்லன். தன் குடல் அழுகிற்று என்று பட்டினி கிடப்பவன் நோயாளி. அவனைப் பார்த்து அந்தப் பூனைக்கு அஞ்சுபவனும் வியக்கிறான்.

நோய் தன் சொற்களைச் சூழலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கணக்கர்க்குக் கையாடல், உழவர்க்குத் தீராக் கடன், பக்தர்க்குத் தெய்வக் குற்றம். ஆகையால் மதத்தைப் பழித்துவிட்டு அமைந்துவிட இயலாது. பாரிசில் 1880ஆம் ஆண்டு ஜூல் கோதார் என்னும் மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எடுத்துரைத்தார். தனக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, வயிறு இல்லை, ஆகவே உணவு தேவையில்லை என்றாள் அவள். கடவுளும் இல்லை, சாத்தானும் இல்லை என்றும் சொன்னாள்! நாத்திகர் சொல்லும் சொல்லே. ஆனால் அது சிந்தனையின் விளைவன்று, நோயின் விளைவு. சொல்லப்படும் செய்தியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அதனைப் பற்றியிருக்கும் பிடியையும், அதனைச் சூழ்ந்திருக்கும் இருளையும் பார்க்க வேண்டும்.

இவற்றை நினைவிற் கொள்ளுங்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையை எதிர்பார்த்தல். பணமிருக்க, ஓட்டாண்டியானேன் எனல். மருத்துவர் இல்லை என்ற பின்னும் உறுப்பு அழுகியதென உறுதி கொள்ளல். பழிக்கும் குரலோ, சாகச் சொல்லும் குரலோ கேட்டல். உணவில் நஞ்சென ஒதுக்கல். பேச்சும் அசைவும் அடங்கிச் சிலைபோலாதல். இவற்றோடு வாரக்கணக்கான சோர்வும் உறக்கக் கேடும் சேர்ந்தால், காத்திருக்கலாகாது. பிள்ளை பெற்ற சில நாளிலோ வாரங்களிலோ ஒரு தாயிடம் இவை தோன்றினால், அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெயர் சூட்டுவது நம் வேலையன்று. தைராய்டுக் கோளாறு, மது, சில மருந்துகள், மூளை நோய்கள் ஆகியவையும் இத்தகைய தோற்றம் காட்டக்கூடும் என்பதால், மருத்துவர் முதலில் பெரியப்பாவின் குருதியைச் சோதித்தார். முன்பு எப்போதேனும் அளவுமீறிய உற்சாகம் இருந்ததா என்றும் வினவினார். இருமுனை நோய்க்கு மருத்துவம் வேறு. பிறகு சோர்வைப் போக்கும் மருந்தும் பிறழ்வைத் தணிக்கும் மருந்தும் சேர்த்துத் தந்தார். இந்நோய்க்கு இரண்டும் இணைந்தே நல்ல பயன் தருகின்றன. உண்ண மறுத்ததால் மின்னதிர்வு மருத்துவமும் செய்தார்.

மின்னதிர்வு என்றதும் திரைப்படக் காட்சி கண்முன் வருகிறதா? கட்டிவைத்து அலறவைக்கும் கொடுமையன்று அது. 1938இல் ரோமில் தொடங்கிய அம்மருத்துவம், இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தந்தே செய்யப்படுகிறது. அவையின்றிச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. சிலநாள் மறதி வருவதுண்டு, பெரியப்பாவுக்கும் வந்தது. ஆறாவது முறைக்குப் பின் அவரே சோறு கேட்டார். "அந்தக் கையாடல்?" என்று அண்ணன் மெல்லக் கேட்டபோது, "அப்படியா சொன்னேன்?" என்றார். எந்தச் சான்றும் அசைக்காததை மருத்துவம் அசைத்தது!

அந்த மருத்துவம் எட்டாமற் போனவர்களும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். குணமாகும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். ஓடிப் பிழைக்கக் கால் இருந்தது. காலில் சங்கிலியும் இருந்தது. இன்று மனநோயாளியைச் சங்கிலியிடுவது சட்டப்படி குற்றம். சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அதனை நம் தெருவுக்குக் கொண்டுவர வேண்டியவர் யார்?

நாம்தான், நண்பர்களே! தெருவில் ஒருவர் இப்படி மாறினால், வாதிடாதீர், ஆமோதிக்கவும் செய்யாதீர். "உங்கள் துன்பம் புரிகிறது, துணைக்கு வருகிறேன்" என்பது போதும். சாக எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை, சொல்ல வழி பிறக்கிறது. பூச்சிமருந்தையும் கயிற்றையும் அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி 14416, கட்டணமின்றி இரவும் பகலும் இயங்குகிறது. உயிருக்கு இடர் என்றால் 108ஐ அழையுங்கள். குணமான பின்னும் மருத்துவர் சொல்லும் வரை மருந்தை நிறுத்தவிடாதீர்கள். நின்றால் நோய் திரும்பக்கூடும்.

பகுத்தறிவு என்பது எதிராளியை வாயடைக்கும் திறம் மட்டுமன்று. எது வாதத்துக்குரியது, எது மருத்துவத்துக்குரியது என்று பகுத்து அறிவதும் பகுத்தறிவே. தாயத்துக்காரனை வாயிலிலேயே தடுக்கும் கை, நோயாளியின் கையைப் பற்றி மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லட்டும்.