சுரண்டறதுக்குத்தான் காசு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்த விஷயம். மரவீட்டோட வெளிச்சுவருக்கு பெயிண்ட் அடிக்க ஆள் பிடிக்கிறது எப்படி? "எம்.எஸ். படிக்கப் போனவனுக்கு ஏண்டா இந்த வேலை"ன்னு கேக்கப் போறவங்க வரிசைல வாங்க. எங்க அம்மா ஏற்கனவே முதல் ஆளா நிக்கிறாங்க :-)

நான் இருக்கிற ஊர் பஃபலோ. நியூயார்க்னு சொன்னதும் சுதந்திர தேவி சிலையக் கேக்காதீங்க, இது நியூயார்க் மாநிலத்தோட இன்னொரு கோடி. நயாகராவுக்குப் பக்கம், ஈரி ஏரிக்கரை. எமனோட வாகனம் பேர்ல ஒரு ஊர், குளிர்காலத்துல பேருக்கேத்த மாதிரி உயிரை எடுக்கும். இங்க மாணவர்கள் வாடகைக்கு இருக்கிற பழைய வீடெல்லாம் ஒரே அச்சு: மேல ஒரு வீடு, கீழ ஒரு வீடு, வெளில முழுக்க மரப்பலகை. பலகைய ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி படுக்கை வாட்டத்துல அடிச்சிருப்பாங்க. எங்க வீடு 1926ல கட்டினது. மேல நாங்க மூணு பசங்க. கீழ ஒரு கோயம்புத்தூர் ஜோடி, அவங்களுக்குப் பதினோரு மாசக் குழந்தை. வீட்டு ஓனர் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு வயசான அம்மா. நேர்ல பேர் சொல்லித்தான் கூப்பிடணும், எங்களுக்குள்ள 'பாட்டி'.

2024 ஏப்ரல்ல பனி விட்டதும் பாத்தா, தெற்குச் சுவர்லயும் தெருவப் பாத்த மேற்குச் சுவர்லயும் பெயிண்ட் முதலைத் தோல் மாதிரி வெடிச்சு, செதில் செதிலா உரிஞ்சு கிடக்கு. தெற்குல வெயில், மேற்குல ஏரிக்காத்து. பாட்டி வந்து பாத்துட்டு, "நீ சிவில் இஞ்சினியரிங்தானே, நல்ல பெயிண்டரா பாத்து மூணு பேர்கிட்ட விலை கேளு"ன்னுட்டாங்க. பாலம் கட்டப் படிக்கிறவனுக்கு பெயிண்ட் தெரியும்னு யார் சொன்னாங்களோ. போகும்போது ஒரு வார்த்தையும் போட்டாங்க: "ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சா நல்லது. மேல போச்சுன்னா வாடகைய ஏத்தத்தான் வேணும்."

அந்த ஒரு வார்த்தைல நாங்க மூணு பேரும் கட்சி மாறிட்டோம். எவன் குறைச்சலாக் கேக்கிறானோ அவனே சிறந்த கலைஞன்!

மூணு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. முதல் ஆள் 6,200 டாலர். ரெண்டாவது 11,400. மூணாவது 13,000. அதே வீடு, அதே நாலு சுவர். எப்படி ஒருத்தருக்கு இன்னொருத்தர் ரெண்டு மடங்கு கேக்க முடியும்?

விருதுநகர்ல என் மாமா (அம்மாவோட தம்பி) இருபத்தஞ்சு வருஷமா பெயிண்டர். வாட்ஸப்ல கூப்பிட்டேன்.

"மாமா, ஒருத்தர் ஆறாயிரம், ஒருத்தர் பதினோராயிரம் சொல்றாங்க. யாரப் பிடிக்க?"

"பெயிண்ட் என்ன கம்பெனின்னு கேக்காத மாப்ள. எத்தன நாள் சுரண்டுவேன்னு கேளு. அடிக்கிறது ரெண்டு நாள் வேல. காசு பூராம் சுரண்டுறதுலயும் பட்டி பாக்குறதுலயும்தான் இருக்கு. அத அமுக்கிட்டா கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மழ போகட்டும், தன்னால தெரியும்."

இதுக்கு மேல ஒரு கன்சல்டன்ட் எதுக்கு? அதையே கேள்வியாக்கி மூணு பேருக்கும் ஒரே மெயில் அனுப்பினேன். எத்தனை நாள் கழுவிச் சுரண்டுவீங்க? மரம் வெளில தெரியற இடத்துக்கெல்லாம் பிரைமர் உண்டா? உளுத்துப்போன பலகைய மாத்துறது விலைக்குள்ளயா, வெளிலயா? எத்தனை கோட்டு, எத்தனை கேலன்?

கேலன் கணக்குதான் வேடிக்கை. வீடு 45 அடிக்கு 25 அடி, உயரம் சுமார் 22 அடி. ஜன்னல் கதவு போக 2,700 சதுர அடின்னு வச்சுக்கங்க. ஒரு கேலன் 350லேருந்து 400 சதுர அடி வரைக்கும் வரும். ரெண்டு கோட்டுன்னா 15 கேலன் வேணும். நம்ம 6,200 ஆள் "அஞ்சு கேலன் வாளி ரெண்டு போதும்"னு பதில் போட்டார். பத்து கேலன்ல ரெண்டு கோட்டு வராது, கையெழுத்து போட்டுக் குடுத்தாலும் வராது. சுரண்டறதுக்கு அவர் ஒதுக்கினது ஒரு நாள். பாதிப் பணம் முன்கூட்டியே ரொக்கமா வேணுமாம்.

சரி, ஒரு கோட்டுதானே, பரவாயில்ல, வாடகை ஏறாதுல்லன்னு எங்க ரூம்ல ஒருத்தன் வாதாடினான். அதுவரைக்கும் அது வெறும் காசு கணக்குதான். ரெண்டாவது பெயிண்டரோட பதில் வந்ததும் அது மாறிப்போச்சு. அவர் முதல்ல கேட்டதே இதுதான்: "வீடு எந்த வருஷம் கட்டினது? கீழ் வீட்டுல குழந்தை இருக்கா?"

விஷயம் ஈயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இல்ல, அது வெள்ளீயம். இது காரீயம். வெள்ளை நிறத்துக்காகவும் நீடிச்சு உழைக்கவும் பழைய காலத்து பெயிண்ட்ல தாராளமா கலந்தாங்க. அமெரிக்காவுல வீட்டு உபயோக பெயிண்ட்ல இதைத் தடை பண்ணினது 1978ல. அதுக்கு முன்னாடி கட்டின வீட்டுச் சுவரைச் சுரண்டினா, அந்தத் தூசி மண்ணுல விழுந்து அங்கயே கிடக்கும். தவழ்ற குழந்தை மண்ணுல கைய வைக்கும், கைய வாயில வைக்கும். ரத்தத்துல ஈயம் இவ்வளவு வரைக்கும் இருந்தா ஆபத்தில்லன்னு சொல்ல ஒரு அளவே கிடையாது. மூளை வளர்ச்சியப் பாதிக்கும், படிப்புலயும் நடத்தையிலயும் பின்னாடி தெரியும், போன பிறகு திரும்பி வராது. நியூயார்க் மாநிலத்துல 1 வயசுலயும் 2 வயசுலயும் எல்லாக் குழந்தைக்கும் ரத்தத்துல ஈயம் பாக்கணும்னு சட்டமே இருக்கு.

இதுக்காக அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டு வந்த விதி 2010 ஏப்ரல் 22லேருந்து நடைமுறைல இருக்கு. 1978க்கு முந்தின வீட்டுல, வெளிச்சுவர்ல 20 சதுர அடிக்கு மேல பழைய பெயிண்ட்டக் கலைக்கிறதா இருந்தா, காசு வாங்கி வேலை செய்யற கம்பெனி அந்த முகமைகிட்ட சான்று வாங்கியிருக்கணும், பயிற்சி எடுத்த ஆள் பொறுப்புல வேலை நடக்கணும். சுவர்லேருந்து 10 அடி தூரத்துக்குத் தரைல பிளாஸ்டிக் விரிக்கணும். 20 அடிக்குள்ள இருக்கிற ஜன்னல் கதவ மூடி வைக்கணும். தீ வச்சு எரிச்சு எடுக்கக் கூடாது. தூசி உறிஞ்சற வசதி இல்லாத மெஷின்ல தேய்க்கக் கூடாது. சோதிச்சுப் பாக்கலைன்னா ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டு வேலை செய்யணும். வேலைக்கு முன்னாடி இதையெல்லாம் விளக்கற ஒரு சின்னப் புத்தகத்த ஓனருக்கும் குடியிருக்கிறவங்களுக்கும் குடுக்கணும்.

6,200 ஆளுக்கு போன் போட்டு இதைக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மழைல கழுவிட்டுப் போயிருக்கும் தம்பி" மாதிரி ஒரு பதில். முகமையோட இணையதளத்துல அஞ்சல் குறியீட்டப் போட்டா சான்று பெற்ற கம்பெனிகளோட பட்டியல் வரும். மத்த ரெண்டு பேரும் அதுல இருந்தாங்க, இவர் இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் கீழ் வீட்டு அக்காகிட்ட விஷயத்தச் சொன்னேன். குழந்தை பின்கட்டுப் புல்லுல உக்காந்து ஏதோ பிடுங்கி வாயில வச்சுக்கிட்டு இருந்தது. அக்கா எதுவும் பேசல, ஓடிப்போய்த் தூக்கி வாயத் துடைச்சுவிட்டாங்க. அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு முடிவு வந்தது. அந்த முடிவு வர்ற வரைக்கும் அந்த வீட்டுல யாரும் சரியாத் தூங்கலன்னு எனக்குத் தெரியும், எங்க தரைதான் அவங்க கூரை. அதுக்கப்புறம் எங்க ரூம்ல வாடகையப் பத்தி யாரும் வாய் திறக்கல.

ஆனா பாட்டிக்கிட்ட பணம் இல்லைங்கறதும் நிஜம். ஓய்வூதியத்துல ஓடற குடும்பம், எங்க வாடகைல வீட்டு வரி கட்டறவங்க. 11,400ன்னதும் முகம் சுண்டிப்போச்சு. வழி சொன்னது அந்த ரெண்டாவது பெயிண்டரேதான். "கிழக்கும் வடக்கும் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். இந்த வருஷம் உரியற ரெண்டு பக்கத்த மட்டும் முறையாப் பண்ணுவோம், 6,400. மீதி அடுத்த வருஷம், 5,800." மொத்தமாப் பாத்தா 800 டாலர் கூடுதல், ஆனா ஒரே தடவை குடுக்க வேண்டியதில்ல. பாட்டி காகிதத்துல ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டு சரின்னாங்க. வாடகை ஏறல.

கையெழுத்துக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்தோம். ஒண்ணு, காப்பீடு. பெயிண்டர் காட்டற காகிதத்த நம்பாம அதுல இருக்கிற காப்பீட்டுக் கம்பெனிக்கே போன் பண்ணி உயிரோட இருக்கான்னு கேக்கணும். ஏணிலேருந்து ஒருத்தர் விழுந்தா செலவு யார் தலைல விழும்ங்கறது அதுல இருக்கு. ரெண்டு, இந்த மாநிலம் முழுமைக்கும் செல்ற பெயிண்டர் லைசென்ஸ்னு ஒண்ணு கிடையாது. ஊருக்கு ஊர் மாறும், அதனால நகராட்சில விசாரிக்கணும். மூணு, எழுத்துல ஒப்பந்தம்: எந்தப் பக்கம், எத்தனை கோட்டு, என்ன பிரைமர், பலகை மாத்தினா அடிக்கு எவ்வளவு, பணம் எந்தெந்தக் கட்டத்துல. கையெழுத்து போட்ட பிறகும் மூணு வேலை நாளைக்குள்ள வேண்டாம்னு சொல்ல இங்க சட்டத்துல உரிமை உண்டு.

ஜூன்ல வேலை. மொத்தம் ஒன்பது நாள். அதுல பெயிண்ட் டப்பாவத் திறந்ததே ஏழாவது நாள்தான்! முதல்ல தரைல பிளாஸ்டிக். பக்கத்து வீட்டு எல்லை ரொம்ப நெருக்கம்ங்கறதால தெற்குப் பக்கம் செங்குத்தாவும் ஒரு திரை. அப்புறம் முகமூடியும் வெள்ளை அங்கியும் போட்டுக்கிட்டு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு கையாலயே சுரண்டினாங்க. காத்து பலமா அடிச்ச ஒரு நாள் வேலையே இல்ல. ஜன்னல மூடிக்கிட்டு, ஏசி இல்லாத வீட்டுல, தீசிஸ் எழுதின அந்த வாரத்த மறக்க முடியாது. இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் செதில்களப் பெருக்கி, தடிச்ச பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் உப்புத்தாள், பிரைமர், ஜன்னல் ஓர விரிசல்ல அடைப்பு. பலகையோட அடி விளிம்ப மட்டும் அடைக்காம விட்டாங்க. ஏன்னு கேட்டேன். உள்ள போற ஈரம் வெளில வர அதுதான் வழியாம். அதையும் அடைச்சா ஈரம் பெயிண்ட்டத் தள்ளிக்கிட்டு வெளில வரும்.

மாமாவுக்குப் படம் அனுப்பறேன்னு சொன்னப்ப, "அடிச்ச சுவர எல்லாப் பயலும் அனுப்புவான், சுரண்டுன சுவர அனுப்பு மாப்ள"ன்னார். அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டார்.

"சுவரு நல்லாருக்கு. அவங்க ஏன்யா ஆஸ்பத்திரி டாக்டரு மாதிரி நிக்கிறாங்க?"

ஈயத்தப் பத்திச் சொன்னேன். நம்ம ஊர்ல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1லதான். சுண்ணாம்புல பயம் இல்ல, ஜன்னல் கம்பி, கதவு, நிலைக்கெல்லாம் அடிச்ச பழைய எனாமல்லதான் சங்கதி. மாமா வாழ்நாள்ல எத்தனை ஆயிரம் ஜன்னல் கம்பிய உப்புத்தாள் போட்டிருப்பார்? வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தலைல ஒரு துண்டோட, வெறுங்கையால. அதே கையால மத்தியானச் சோறு.

"தண்ணி தெளிச்சு சுரண்டுறது நாங்களும் செய்யிறதுதான். இருமல் வரக்கூடாதுன்னு எங்க மேஸ்திரி சொல்லிக்குடுத்தது. இதுக்குன்னு தெரியாது"ன்னார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "மாஸ்க் போட்டுட்டுப் போனா வீட்டுக்காரவுக ஒரு மாதிரி பாப்பாக மாப்ள"ன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கன்னு மட்டும் சொன்னேன். போனாரான்னு அத்தைகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் 'அடுத்த வாரம்'தான்.

ஆகவே மக்களே, ஊர்லயோ இங்கயோ வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா கலர் சார்ட்ட அப்புறம் பாருங்க. எத்தனை நாள் சுரண்டுவாங்க, தூசி எங்க போகும், அந்த இடத்துல யார் வீட்டுக் குழந்தை தவழுதுன்னு முதல்ல கேளுங்க. ஊர்லன்னா, சுரண்ட வர்றவருக்கு மூணு நல்ல மாஸ்க் நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க. வீட்டுக்காரங்களே குடுத்தா அவர் கூச்சப்படாமப் போட்டுக்குவார். சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவ சோப்பும் வாளித் தண்ணியும் எடுத்து வச்சுடுங்க. ரொம்பச் செலவாகாது.

சொல்ல மறந்துட்டேனே, கலர் என்னன்னு யாருமே கேக்கலையே? பாட்டி இஷ்டப்படி அதே பழைய சாம்பல்தான் :-)