சுத்தபோசனம்

சாம்பல் புதனன்று கோவளம் கார்மேல் மாதா கோயிலில் மாலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், கடற்காற்றில் நெற்றிச் சாம்பல் உதிர்ந்து மூக்கின் மேல் விழும். போன வருடத்துக் குருத்தோலையைச் சுட்டு எடுத்த சாம்பல். துடைக்காமல் வீடுவரை கொண்டுபோக வேண்டும் என்று ஆயா சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1808இல் ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டிய கோயில் அது. அந்த வாசலில் நின்றுதான் ஒவ்வொரு வருடமும் தவக்காலத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் என்றால், சேரியில் பிறந்து, ஞானோபதேசம் படித்து, அம்பேத்கரையும் படித்து, இப்போது இந்தக் கடற்கரை ஊர்களில் வேலை செய்கிற சிலர்.

ஆயாவுக்குத் தவக்காலம் என்றால் இரண்டு சொல். ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது ஒருசந்தி. கறி சேர்க்காமல் சாப்பிடுவது சுத்தபோசனம். இந்த இரண்டாவது சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு விடுதி. பள்ளி நாட்களில் ஒரு தவக்காலத்தில், ஞானோபதேசம் எடுத்தவர் எங்கள் வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "உங்க வீட்டுல மாட்டுக்கறிதான் சாப்பாடு. இந்த நாற்பது நாளாவது சுத்தமா இருங்க." மற்ற வரிசையில் ஆட்டுக்கறி, கோழி சாப்பிடுகிற பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. அவர்கள் ஒரு விருந்தை விடுகிறார்கள். நாங்கள் ஒரு தீட்டை விடுகிறோம். ஒரே நோன்புக்கு இரண்டு கணக்கு.

திருச்சபையின் சட்டத்தில் அந்த இரண்டாவது கணக்கு இல்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம் என்கிறது சட்டம். மாடு, ஆடு, கோழி என்று அது பிரிப்பதில்லை. மீனுக்குத் தடையே இல்லை. இயேசு இறந்த நாளை நினைத்து, ஆசையாகச் சாப்பிடுவதை ஒருநாள் விட்டுவைப்பது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வயிற்றுக்குள் போவது எதுவும் மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு சொன்னது மாற்கு நற்செய்தியிலேயே இருக்கிறது. பிறகு 'சுத்தம்' எங்கிருந்து வந்தது? இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த தட்டிலிருந்து வந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் அந்தத் தட்டைக் கழுவவில்லை.

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கிறார்கள். நோன்பு இருக்கிறோமே, கடவுள் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கேட்கிறார்கள். வேலையாட்களை நசுக்கிக்கொண்டே நோன்பு இருக்கிறீர்களே என்று பதில் வருகிறது. நுகத்தடியை உடைப்பதும் அடிமைப்பட்டவரை விடுவிப்பதும்தான் நோன்பு என்கிறது அந்த வாசகம். தட்டில் என்ன கறி என்று அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதைத் தமிழ்நாட்டுச் சேரி மக்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2008இல் எறையூர். அன்றைய விழுப்புரம் மாவட்டம். சாவு ஊர்வலம் போகும் தெருவிலும் கல்லறையிலும் பாகுபாடு. அதனால் தனிப் பங்கு கேட்டு தலித் கத்தோலிக்கர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள், அதே தவக்காலத்தைக் கடைப்பிடித்தவர்கள். காவல் துறை சுட்டதில் ஆதிக்கச் சாதித் தரப்பில் இருவர் செத்தார்கள். ஒரே ஊரில் இரண்டு நோன்பு நடந்தது. எசாயா சொன்ன நோன்பு எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று எங்களுக்கு மிகப் பக்கம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலமில்லாமல் எப்படி வாழ்கிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த வருடமே அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் அப்படிப் பிறந்தது. பத்து வருடம் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் நம் மக்களுக்கு மட்டும்தான் விற்கலாம். அந்த நிலம் எப்படியெல்லாமோ கைமாறிப் போனது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் அதை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல் துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள்.

இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிப் பாருங்கள். ஜான் என்ற பெயருக்கும் ஏழுமலை என்ற பெயருக்கும் நடுவே 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை ஒரு கோடு போட்டிருக்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கோட்டை அழித்தார்கள். நெற்றியில் சாம்பல் பூசினால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. போலீஸ் துப்பாக்கி அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. சேரியும் பார்த்ததில்லை.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் சுவர்களை ஒட்டி நடக்கிறோம். கோவளத்து மணலுக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று வந்துவிட்டது. சுத்தமான கடற்கரையாம். அந்தச் சுத்தத்துக்குக் குப்பை அள்ளுகிறவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மாணவத் தோழர்களே, கடவுள் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நாற்பது நாளை வீணாக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியரிடம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பெரிய வெள்ளிக்குள் வந்துவிட வேண்டும். உங்கள் ஊர்க் கல்லறையில் யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்று ஒருமுறை நடந்து பாருங்கள். பங்குப் பேரவையில் அதைக் கேள்வியாக வையுங்கள்.

நாங்கள் இப்போதும் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை. ஆயா பழக்கிய பழக்கம், விட மனமில்லை. ஆனால் சுத்தபோசனம் என்ற சொல்லை விட்டுவிட்டோம். ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக் குழம்புதான். வருகிறவர்கள் வாருங்கள், ஒரே பந்திதான்.