தோள் போச்சு... வில் வந்துச்சு!

"ஷுகர் எவ்வளவு இருக்கு?" என்றார் டாக்டர்.

சொன்னேன். வலது கையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த பேஷண்ட் ஒருவர் எழுந்தே போய்விட்டதாக என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

"ஃப்ரோஸன் ஷோல்டர். தோள்பட்டை இறுகிப் போச்சு. சர்க்கரைக்காரங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். சரியாக ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். கனமா எதையும் இழுக்காதீங்க. என்ன வேலை பார்க்கறீங்க?"

"கம்ப்யூட்டர். ஆனா அக்டோபர் வந்தா வில் இழுப்பேன்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொந்தி, கண்ணாடி, வழுக்கை. ராமர் படத்தில் எந்த இடத்திலும் பொருந்தாத உருவம். ஆனால் சொன்னது நிஜம்.

கொஞ்சம் முன்கதை. நான் மதுரைக்காரன். 1996-ல் அமெரிக்காவுக்கு வந்து, பென்சில்வேனியாவில் காட்டோரமாக ஒரு வீடு வாங்கினேன். முதல் வருஷமே தெரிந்துவிட்டது, தோட்டம் எனக்குச் சொந்தமில்லை என்று. தக்காளி, அவரை, என் மனைவி ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து முளைக்க வைத்த செம்பருத்தி... எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மான்களுக்கு நைவேத்தியம். 2008 நவம்பரில் ஒரு மாலை, ஒரு மான் நேராக என் கார் பானெட்டிலேயே வந்து விழுந்தது. மானும் போச்சு, ரேடியேட்டரும் போச்சு.

"அய்யய்யோ, மானைப் போய் வேட்டையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம்ம ஊரில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் மேல் கை வைத்தால் உள்ளே போக வேண்டியதுதான். இங்கே கதை வேறு. நூறு வருஷத்துக்கும் முன்னால் பென்சில்வேனியாவில் வெள்ளைவால் மான் அநேகமாக அழிந்தே போயிருந்தது. 1895-ல் இதற்கென்று ஒரு கமிஷன் போட்டு, 1906-ல் மிச்சிகனிலிருந்து மான்களை வரவழைத்துக் காட்டில் விட்டார்கள். அடித்துத் தின்ன ஓநாய் இல்லை. கிடுகிடுவெனப் பெருகி, இப்போது காட்டில் மரக்கன்றே தலைதூக்க முடியாமல் மேய்கிறது. அதனால் லைசென்ஸ் உண்டு, சீசன் உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற கணக்கும் உண்டு. வில், அம்பு வாங்கினால்கூட அதில் ஒரு வரி காட்டு விலங்குகளின் பராமரிப்புக்குப் போகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்கு வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். நாங்கள் வீட்டில் 'வாத்தியார்' என்றுதான் சொல்வோம்.

அவர் கொடுத்தது காம்பவுண்ட் வில். (காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதிக்கிற வில்லா என்று என் மாமனார் போனில் கேட்டார்.) வில்லின் இரண்டு முனையிலும் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம். ஆனால் வட்டமாக இருக்காது, கோணல்மாணலாக இருக்கும். சூட்சுமமே அந்தக் கோணலில்தான். என் வில்லை இழுக்க 60 பவுண்டு பலம் வேண்டும். அதாவது 27 கிலோ, ஒரு அரிசி மூட்டையைவிட அதிகம். ஆனால் முழுக்க இழுத்து முடித்ததும் சக்கரம் புரண்டு பாரத்தில் எண்பது சதவிகிதத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது 12 பவுண்டுதான். மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் ஆலன் என்பவர் 1969-ல் இதற்குப் பேடன்ட் வாங்கினார்.

12 பவுண்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். மான் பக்கத்தில் வந்த பிறகு, அது மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கிற அந்த ஒரு விநாடியில் 60 பவுண்டை ஓசைப்படாமல் இழுக்க வேண்டும். அப்புறம் அது வெளியே வந்து பக்கவாட்டில் திரும்பும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் கை உதறும், முதுகு கெஞ்சும். எனக்கு 25 கஜத்துக்கு மேல் குறியே நிற்காது. அதனால் 25 கஜத்துக்கு மேல் நான் விட்டதே இல்லை.

தோள் போன 2022-ல் இந்த வில்லை ஆணியில் மாட்டிவிட்டு குறுக்கு வில் வாங்கினேன். 'கிராஸ்போ' என்பார்கள். துப்பாக்கிக் கட்டையின் மேல் வில்லைப் படுக்க வைத்தது போல் இருக்கும். இழுவிசை 180 பவுண்டு. பயப்படாதீர்கள், நாணை நாம் இழுக்க வேண்டியதில்லை. சின்னக் கைப்பிடியைச் சுற்றினால் தானாகப் பின்னால் வந்து கொக்கியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் நாள் பூரா அப்படியே நிற்கும். மேலே டெலஸ்கோப், கீழே குதிரை. இதில் அம்புக்கு 'போல்ட்' என்று பெயர். நட் எங்கே என்று ஜோக்கடிக்காதீர்கள். பழைய குறுக்கு வில்லில் நாணைப் பிடித்து நிறுத்தும் உருளைக்கு நிஜமாகவே நட் என்றுதான் பெயர்!

ஒரே ஒரு எச்சரிக்கை: இடது கைக் கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே வரக்கூடாது. வந்தால் விரல் மானுக்கு முன்னால் போய்விடும். "ஏங்க, பத்து விரலோட போறீங்க, பத்து விரலோட வாங்க" என்று என் மனைவி தினமும் வழியனுப்பினாள்.

வாத்தியார் அதைக் கையில்கூட வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"இது வில் இல்லை. நரம்பு கட்டின துப்பாக்கி" என்றார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பென்சில்வேனியாவில் 2009-லிருந்தே வில் சீசனில் குறுக்கு வில்லும் செல்லும். ஆனால் ஆரெகன் மாநிலத்தில் இன்றைக்கும் வேட்டைக்கு இது கூடாது. சண்டை ரொம்பப் பழசு, ஸ்வாமி. 1139-ல் ரோமில் கூடிய லேட்டரன் சபை, கிறிஸ்தவர்கள் மேல் வில்லும் குறுக்கு வில்லும் எய்யக் கூடாது என்று தடை போட்டது. யார் கேட்டார்கள்? 1199-ல் இங்கிலாந்து ராஜா ரிச்சர்டே குறுக்கு வில் பட்டுத்தான் செத்தார். காம்பவுண்ட் வில் வந்த புதிதிலும், பழைய மரவில் ஆட்கள் "சக்கரம் வச்ச வில்லெல்லாம் ஒரு வில்லா?" என்றுதான் முகம் சுளித்தார்களாம். அதைச் சொன்னது வாத்தியாரேதான். ஞாபகப்படுத்தினேன். அவர் ரசிக்கவில்லை.

அவரிடம் ஜெயித்த தெம்பில் அந்த அக்டோபரில் பரணில் ஏறினேன். (மரத்தோடு உடம்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேட்டைக்குப் போய்க் கீழே விழுந்து எலும்பு முறிந்தவர்கள் நிறைய.) சாயங்காலம் ஐந்தரை மணி. ஓக் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு ஒரு பெண் மான் வந்தது. தூரம் அளக்கிற கருவி 43 கஜம் என்றது. பழைய வில்லாக இருந்தால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பேன். ஆனால் டெலஸ்கோப்பில் அது திண்ணையில் வந்து நிற்கிற மாதிரி தெரிந்தது. கை நடுங்கவில்லை. முதுகு கெஞ்சவில்லை. குறி ஆணி அடித்தாற்போல் நின்றது.

விசையை இழுத்தேன்.

'டப்' என்று சத்தம். அந்தக் கணத்தில் மான் முட்டி போடுவது போல் கீழே அமுங்கியது. போல்ட் முதுகின் மேல்பக்கமாகப் பட்டதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த விநாடி மான் இல்லை.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பாலபாடம். உடனே துரத்தினால் அடிபட்ட மான் மைல்கணக்கில் ஓடும். காத்திருந்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் போல்ட் கிடந்தது. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருக்கும். இதில் நுரை இல்லை. கொஞ்சம் ரோமம், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

வாத்தியாருக்குப் போன் செய்தேன். டார்ச்சோடு வந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துக்கொண்டே போனோம். பதினோரு துண்டு வைத்தோம். பன்னிரண்டாவது வைக்க இடம் கிடைக்கவில்லை. ராத்திரி ஒரு மணி வரை தேடினோம். மறுநாள் லீவு போட்டு இருட்டும்வரை தேடினேன். அந்த மான் கிடைக்கவே இல்லை. பிழைத்ததா, எந்தப் புதரிலாவது நாலு நாள் துடித்ததா... இன்றுவரை தெரியாது. அந்த ராத்திரி என் மனைவி சாதம் போட்டாள். சாப்பிட முடியவில்லை.

மறுநாள் திரும்பி வரும்போதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார்.

"என் வில்லை வச்சுக்கிட்டு இத்தனை வருஷத்துல எத்தனை தடவை நாப்பது கஜத்துக்கு விட்டிருக்கே?"

"ஒரு தடவைகூட இல்லை."

"ஏன்?"

"கை நடுங்கும்."

"நேத்து?"

"...நடுங்கலை."

"அதான்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இன்ஜினீயர் புத்தி. என் போல்ட் விநாடிக்கு 350 அடி போகும். சத்தம் விநாடிக்கு 1,100 அடி. 43 கஜம் என்றால் 129 அடி. சத்தம் மானின் காதுக்குப் போக ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. போல்ட் போக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். நடுவில் கிடைக்கிற கால் விநாடி மானுக்கு தாராளம். குதிக்க வேண்டுமென்றால் முதலில் முட்டியை மடக்க வேண்டும், அந்த அமுங்கலில் குறி மேலே போய்விடும். பொதுவாகக் குறுக்கு வில் போடும் சத்தம் காம்பவுண்டைவிடப் பெரிசு என்பது உபரித் தகவல். 180 பவுண்டு என்று பெருமையடித்தேனே, அதிலும் பாதி ஜம்பம்தான். இதில் நாண் போல்ட்டைத் தள்ளிக்கொண்டு வருகிற தூரம் ரொம்பக் குறைச்சல். காம்பவுண்டைப் போல மூணு மடங்கு பலம் என்று அர்த்தமில்லை. பார்க்கத்தான் துப்பாக்கி, பறப்பது அம்புதான்.

அதைவிட முக்கியமான ஒன்று கணக்கில் வரவில்லை. பதினாலு வருஷமாக நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோக்கியமாக இருந்தது என் தோள்பட்டை. 'போதும், இதுக்கு மேலே முடியாது' என்று அது சொல்லும், நான் கேட்டுக்கொள்வேன். புது வில்லில் அந்தக் குரல் இல்லை. அதை நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

குறுக்கு வில்லின் கட்டையில் வெள்ளை பெயிண்டால் '25' என்று தமிழ்நாட்டு மைல்கல் மாதிரி எழுதி வைத்தேன்.

2023 அக்டோபரில் அதே பரண், அதே ஓக் மரம். ஒரு மான் 38 கஜத்தில் வந்து, பக்கவாட்டில் திரும்பி, போட்டோவுக்கு நிற்பது போல் நின்றது. விரல் குதிரைப் பக்கம் போனது. '25' கண்ணில் பட்டது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது சாவகாசமாக மென்றுவிட்டுப் போனது.

"இன்னிக்கும் ஒண்ணும் இல்லையா?" என்றாள் மனைவி.

"பத்து விரலும் இருக்கு" என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் 18 கஜத்தில் ஒன்று வந்தது. ஒரே போல்ட், கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே விழுந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு எங்கள் வீட்டு மான் சுக்காவை வாத்தியாருக்கு டிபன் பாக்ஸில் அனுப்பினோம்.

2024 செப்டம்பரில் ஒருநாள் காலிங் பெல் அடித்தது. வாசலில் வாத்தியார். எழுபத்தாறு வயசு. வலது தோளை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்தபடி கேட்டார்:

"அந்த நரம்பு கட்டின துப்பாக்கி... என்ன விலை?"

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை.

"விலையை அப்புறம் சொல்றேன். முதல்ல உள்ளே வாங்க, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றேன்.