பெட்டியடியில் ஒரு கணிப்பொறி

செப்டம்பர் 24, 2025

கல்லுக்கட்டிப் பக்கம் பலகாரக் கடை நடத்தும் ஆச்சியின் கணக்கிலிருந்து நேற்று மத்தியானம் 48,000 ரூபாய் போய்விட்டது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறுக்குக்கும் மிக்சருக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 22ஆம் தேதி முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட, பில் போடும் கணிப்பொறியிலோ பழைய விகிதமே நிற்க, வாங்க வந்தவர்கள் பத்திரிகையை நீட்டி வாதாட, இவற்றால் ஆச்சியின் சித்தம் கலங்கியிருந்த சமயம் பார்த்து, "புது வரியை நாங்களே ஏற்றித் தருகிறோம், அம்மா" என்று தொலைபேசியில் ஒரு குரல் வந்தது. அது சொன்ன செயலியைக் கைபேசியில் இறக்கியதும் திரை முழுவதும் எங்கோ இருந்தவன் பார்வைக்குப் போயிற்று. பத்து ரூபாய் கட்டணம் செலுத்தச் சொன்னான். ஆச்சி தட்டிய கடவுச்சொல்லையும், பின்னால் வந்த ஓ.டி.பி.யையும் அங்கிருந்தே வாசித்துக்கொண்டான். இந்தத் தஸ்கரர்கள் நம்மைவிட சிரத்தையாகப் பத்திரிகை படிக்கிறார்கள்.

கடைக்காரர்களுக்குக் கணிப்பொறிப் பாதுகாப்புப் பாடம் சொல்லும் நானும் ஆச்சியும் காலையில் கடையிலிருந்தே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்குப் பேசிப் புகார் பதிந்தோம். பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவதற்குள் வழிமறிப்பதே அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் என்பதால், ஓர் இரவு கழிந்துவிட்டதே என்ற விசாரம் எனக்கு.

செப்டம்பர் 25

வங்கியில் மனு கொடுத்தாயிற்று. "பார்க்கிறோம்" என்றார்கள்.

செப்டம்பர் 28

ரிசர்வ் வங்கியின் 2017ஆம் வருஷத்துச் சுற்றறிக்கையை ஆச்சிக்கு விளக்கினேன். வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் குற்றமின்றி மூன்றாம் மனிதரால் நேர்ந்த நஷ்டமென்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் முறையிடுகிறவருக்குப் பொறுப்பில்லை. ரகசிய எண்ணைத் தாமே கொடுத்திருந்தாலோ, முறையிடும் வரையிலான நஷ்டம் அவருடையதே. "நான் எங்கே தம்பி குடுத்தேன்? அவனாவுல பாத்துக்கிட்டான்!" என்றார். சட்டம் படித்தவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. எனக்குக் கோபந்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. தராசுக்கும் முறுக்கு உழக்குக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் கணிப்பொறிக்கும் உண்டு. பூஜை முடிந்தபின் சில காரியங்கள் செய்தோம்: கல்லாவுக்கு வரும் பணத்திற்குத் தனிக் கணக்கு, அதில் அன்றாடச் செலவுக்கு மேல் போகாதபடி ஒரு வரம்பு, பில் போடும் பையனுக்கு வேறு கடவுச்சொல். கணக்கையெல்லாம் வாரந்தோறும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும் என்பதை எவ்விதம் புரியவைப்பது என்று நான் தயங்குகையில், ஆச்சியே முந்திக்கொண்டார்: "எங்க ஐயா ரங்கூன்ல கடை வச்சிருந்தாக. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்னு அத்தனை பேரு இருந்தும், பேரேட்டுப் பிரதி ஊருக்கு வராம இருக்காது. சண்டை வந்து கடை போனப்ப, கணக்கு இங்கே இருந்துச்சு." எனக்குச் சொல்ல மிச்சமொன்றும் இல்லை.

அக்டோபர் 6

நெடுநாளாகக் கேட்க நினைத்ததை இன்று கேட்டேன்: சந்தேகம் தட்டியபோதே ஏன் போனை வைக்கவில்லை? "தட்டத்தான் செஞ்சுச்சு. ஆனா அம்மா, அம்மான்னு மரியாதையாப் பேசுறான். பேசிக்கிட்டிருக்கிறவுகள எப்படித் தம்பி பாதியில விடுறது?"

வாசலில் வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் அனுப்பியறியாத ஊர் இது. பேராசையாலோ அறியாமையாலோ ஏமாறுகிறார்கள் என்று பிரசங்கம் செய்து வந்த எனக்கு, உபசாரமே ஒரு திறந்த கதவாகும் என்று தோன்றியதில்லை. கடவுச்சொல்லின் நீளத்தைப் பற்றிய பாடத்தை ஒதுக்கி, மரியாதை குறையாமல் போனை வைக்கும் வாசகம் ஒன்றைப் பழக்கினோம்: "கடையில கூட்டம், நானே கூப்பிடுறேன்." பிறகு, வந்த எண்ணை விட்டு, பாஸ்புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்குப் பேச வேண்டும்.

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் கடன் கேட்டு வந்தபோதும் ஆச்சி அதே வாசகத்தைப் பிரயோகித்தாராம்.

அக்டோபர் 14

விண்டோஸ் 10க்கு இன்றோடு இலவசப் பாதுகாப்பு முடிகிறது. ஓராண்டு நீட்டிப்பு உண்டென்று ஆத்தங்குடிக் கல் வியாபாரி ஒருவரிடம் சொன்னேன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். அலுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 18

தீபாவளி வியாபாரம். மனகோலம் எண்ணெயில் பொரிகிற நேரத்தில் யாருக்குப் பாடம்?

அக்டோபர் 27

வங்கியிலிருந்து உண்மையாகவே ஓர் அதிகாரி பேச, ஆச்சி வாசகத்தைச் சொல்லி வைத்துவிட்டு, நேரே கிளைக்கு நடந்திருக்கிறார். அதிகாரிக்குச் சிறிது மனஸ்தாபம். செய்தி இதுதான்: போன பணத்தில் ஒரு பகுதி வேறொரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதற்குப் பதிலில்லை.

"அந்த மனுவையும் கம்ப்யூட்டர்லதான் போடணுமா தம்பி?" என்று கேட்டார். நாளை சிவகங்கைக்குப் போய் விசாரிக்கலாம் என்றேன். "நானும் வர்றேன், கடையைப் பையன் பாத்துக்குவான்" என்றார்.