வலியும் வேண்டும்

வலியை விரும்புவோர் உலகில் இல்லை. எனினும், வலி தெரியாத கால் எத்துணை ஆபத்தானது என்பதை என் தந்தையாரிடம் நான் கண்கூடாகக் கண்டேன்.

இராசிபுரத்தில் குழித்தறியில் பட்டு நெய்பவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. சென்ற ஆண்டு ஓர் ஆணி அவருடைய வலது பெருவிரலின் அடியில் குத்திப் புண்ணாகிவிட்டது. மூன்று நாள்வரை அவர் அதை அறியவே இல்லை. பாயில் சீழ்க்கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். நீரிழிவு நாளடைவில் கால் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை அழிக்கிறது. இரத்த ஓட்டமும் குறைந்தால் புண் எளிதில் ஆறுவதில்லை. தறி மிதிக்கும் கால் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு ஏது? என் படிப்பு ஏது? நல்லவேளையாக, மூன்று மாத மருத்துவத்தில் விரல் தப்பியது.

அப்போது செய்த இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராமே இருந்தது. 20க்குக் கீழ் என்றால் பற்றாக்குறையாம். வெயில் கொளுத்தும் நாட்டில் இதென்ன விந்தை! தோலில் வெயில் பட்டால்தான் உடலில் இச்சத்து உண்டாகும். பகலெல்லாம் தறிக்குழியில் இருப்பவர்மேல் வெயில் படுவது எப்படி?

காலில் புண்ணுள்ள நீரிழிவு நோயாளிகளிடம் இச்சத்து குறைந்திருப்பதை ஆய்வுகள் பல கண்டுள்ளன. ஆனால் குறைவினால் புண் வந்ததா, புண்ணினால் வெளியே நடமாடாமல் குறைவு வந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. "மாத்திரை தருகிறேன். ஆனால் அது உங்கள் காலைப் பார்த்துக்கொள்ளாது, நீங்கள்தான் பார்க்கவேண்டும்" என்றார் மருத்துவர். வெயிலில் நின்றாலும் செருப்போடு நிற்கச் சொன்னார். சுடுதரை சுடுவதும் அந்தக் காலுக்குத் தெரியாதல்லவா?

எங்கள் பக்கத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அவர், உணர்ச்சியற்ற நிலையில் படும் காயங்களே அவர்களுடைய விரல்கள் அழியப் பெருங்காரணம் என்று காட்டினார். பின்னர் அமெரிக்காவில் அதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். மெத்தென்ற செருப்பு, நாள்தோறும் கால் சோதனை: மருந்துக்கு முன் வேண்டுபவை இவை.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருக்கலாம். காலைக் காட்ட அவர் கூச்சப்படுவார், விடாதீர்கள். விரலிடுக்கையும் உள்ளங்காலையும் இன்றிரவே விளக்கருகில் பாருங்கள். சிறு கொப்புளம் கண்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி சொல்லத் தவறியதை நம் கண்கள் சொல்லட்டும்!