கொட்டகைக் கதவை அடைக்குமுன்



 மார்கழி பிறக்க இன்னும் சில நாட்கள் உள்ளன. ஆயினும் விடியற்காலையில் பண்ருட்டிச் சாலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. கேக்குக்கும் பலகாரத்துக்கும் முந்திரிப் பருப்பு கேட்டு வெளியூர்க் கடைக்காரர்கள் நாள்தோறும் அழைக்கிறார்கள். நம் சபையில் பலர் சிறுதொழில் செய்கிறவர்கள். முந்திரி உடைக்கும் கொட்டகை, தையற்கடை, இரும்புப் பட்டறை, மளிகைக் கடை என்று ஏதோ ஒன்றைத் தங்கள் கைகளால் நடத்துகிறவர்கள். இந்த வாரச் சிந்தனை முக்கியமாக அவர்களுக்கே. கிறிஸ்துமஸ் நாட்களில் தொழிலை நிறுத்தி இளைப்பாறுவதற்கு எப்படி ஆயத்தமாவது என்பதே பொருள்.

“இது வியாபாரப் பேச்சாயிற்றே, போதகர் ஏன் பேசுகிறார்?” என்று எண்ணவேண்டாம். இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அது என் குற்றம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஊழியத்துக்கு வருமுன் காடாம்புலியூர்ப் பக்கத்தில் என் தகப்பனாரின் முந்திரிக் கொட்டகையைக் கவனித்து வந்தேன். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பிறந்தநாள் ஆராதனையும் ஓய்வுநாளும் ஒன்றாய்ச் சேர்ந்த அபூர்வமான நாள். ஆனால் புத்தாண்டுக்கு முன் அனுப்பவேண்டிய ஒரு பெரிய ஆர்டர் என் கையில் இருந்தது. காலையில் ஆராதனைக்குப் போனேன், நற்கருணை பெற்றேன், நண்பகலில் கொட்டகையைத் திறந்துவிட்டேன். பருப்பு உடைக்கும் பெண்களுக்கு முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன்.

அவர்களில் எங்கள் சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துவந்தாள். இரண்டு நாள் விடுப்பில் 24-ஆம் தேதி இரவு வந்திருந்தாள். 26-ஆம் தேதி மாலை திரும்பவேண்டும். “தம்பி, பிள்ளை வந்திருக்கிறாள், இந்த இரண்டு நாள் மட்டும் விடுங்கள்” என்று அக்கா கேட்டார். “ஆர்டர் முடியட்டும் அக்கா, அதன்பிறகு ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். தாராளமாகப் பேசியதாகவே அப்போது நினைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சாம்பலைக் கையில் தொட்டுக்கொண்டு, கொட்டையை உடைக்க உட்கார்ந்தார். அன்று இரவு அவர் வீடு திரும்பியபோது, மகள் தாய்க்குச் சோற்றை மூடிவைத்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தாளாம். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஆர்டர் முடிந்தது. டின்கள் அடைக்கப்பட்டு, லாரிக்காக வரிசையாய் நின்றன. டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. அந்தக் காலையை உங்களில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பாட்டன் வைத்த பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் தரையோடு படுத்தன. மின்சாரம் பிறக்கும் நெய்வேலிக்குப் பக்கத்திலேயே பல நாட்கள் விளக்கு எரியவில்லை. எங்கள் கொட்டகையின் கூரை பறந்தது. மூட்டைகள் நனைந்தன, டின்கள் சேற்றில் உருண்டன. விழுந்த மரங்கள் சாலையை மறித்திருந்ததால் லாரி வரவே இல்லை.

அந்தப் புயல் என் பாவத்துக்கு வந்த தண்டனை என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கொட்டகையை மூடியவர்களின் கூரையும் பறந்தது. ஜெபிக்கிறவர்களின் மரங்களும் விழுந்தன. ஆனால் அந்த இழப்பு ஒரு கணக்கை என் கண்முன் விரித்துக் காட்டியது. எதற்காக அந்த இரண்டு நாட்களை எடுத்தேனோ அது போயிற்று. யாரிடமிருந்து எடுத்தேனோ அவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. நாலாம் நாள் அந்த அக்கா மற்றவர்களோடு வந்து, சேற்றிலிருந்து கொட்டை பொறுக்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “காசு இன்னொரு நாள் வரும் தம்பி. பிள்ளை வந்த நாள் வருமா?” என்று மட்டும் சொன்னார்.

பிரியமானவர்களே, ஆண்டுகள் கடந்தன, நான் போதகனானேன். கடந்த ஆகஸ்டு மாதக் கடைசியில் நம் சகோதரர் ஒருவர் தம் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். அவரும் முந்திரிக் கொட்டகை நடத்துகிறவர். பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். “ஐயா, இந்த வருஷமாவது கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மூடிவிட ஆசை. ஆனால் பயமாயிருக்கிறது” என்றார். நான் மகிழ்ந்து, பத்துக் கற்பனைகளையும் மன்னாவையும் எடுத்துப் பேசத் தொடங்கினேன். அவர் மனைவி அமைதியாகக் கேட்டார்: “ஐயா, அத்தனை நாளும் அந்த அக்காமார் என்ன சாப்பிடுவார்கள்?”

என் பிரசங்கம் அங்கே நின்றது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு, கதவு அடைத்த நாள் அடுப்பு அணைந்த நாள். முதலாளிக்கு இளைப்பாறுதல், தொழிலாளிக்குப் பட்டினி என்றால் அது வேதம் சொல்லும் ஓய்வு அல்ல. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாளுக்கு அங்கே சொல்லப்படும் காரணம், வேலைக்காரனும் வேலைக்காரியும் நம்மைப்போலவே இளைப்பாறவேண்டும் என்பது. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று தேவன் அதோடு சேர்த்துச் சொல்லுகிறார். ஓய்வு கிடைக்காதவன் எப்படியிருப்பான் என்பதை அறிந்த ஜனத்துக்கே அந்தக் கட்டளை கொடுக்கப்பட்டது.

யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில், ஏழாம் நாளில் மன்னா இறங்கவில்லை. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு கிடைத்தது. ஓயச் சொன்னவர், அந்த நாளுக்கு வேண்டிய ஆகாரத்தை முன்னதாகவே கொடுத்தார். ஆகவே ஓய்வு ஏழாம் நாளில் தொடங்குவதில்லை. ஆறாம் நாளின் ஆயத்தத்தில் தொடங்குகிறது. அன்று மூவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி சராசரி 350 ரூபாய். பதினான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 4,900. டிசம்பர் 24 முதல் 27 வரை நான்கு நாள் மூடினால் 19,600 ரூபாய். ஒரே நாளில் எடுத்துவைக்க அந்தச் சகோதரரால் முடியாது. ஆனால் செப்டம்பர் முதல் வாரம் தொடங்கிப் பதினாறு வாரங்கள் இருந்தன. வாரம் 1,225 ரூபாய். ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்போடு ஒப்பிட்டால் 15 ரூபாய்க்கும் குறைவு. ஆண்டு முழுவதும் நமக்கு மலைபோல் தோன்றியது பதினைந்து ரூபாய்தானா என்று அவர் வியந்தார். புத்தாண்டு வரை என்ற ஆசை நான்கு நாளாகச் சுருங்கியது உண்மை. ஆனால் அது பதினைந்து குடும்பங்களும் சேர்ந்து அனுபவிக்கும் நான்கு நாள். பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டியலாயிற்று. இன்று அதில் பதின்மூன்று வாரப் பணம் இருக்கிறது.

அடுத்தது சரக்கு. முந்திரித் தொழிலை அறிந்தவர்களுக்கு இது தெரியும். காய்ந்த கொட்டை மூட்டையில் காத்திருக்கும். அடைத்துச் சீல் வைத்த டின்னும் காத்திருக்கும். நடுவில் இருப்பது காத்திருக்காது. உடைத்த பருப்பை உலர்த்தாமலும், உலர்த்தியதைத் தோலுரிக்காமலும் போட்டுவைத்தால் பனி ஈரம் ஏறும், தோல் ஒட்டிக்கொள்ளும், பூசணமும் புழுவும் வரும். ஆகவே கதவு அடைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். கடைசி வறுப்பு எந்த நாள், கடைசி உடைப்பு எந்த நாள், தரம் பிரித்து அடைப்பது எந்த நாள் என்று சுவரில் எழுதி ஒட்டினார். மூட்டைகளைச் சுவரில் படாமல் பலகைமேல் அடுக்குவது, வறுப்பு அடுப்பை முழுவதும் அணைப்பது, மின்விசையை நிறுத்துவது, இரவுக் காவலைக் குடும்பத்து ஆண்கள் முறைபோட்டுப் பங்கிட்டுக் காவற்காரரையும் வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சில்லறைக் கடன்களை 23-ஆம் தேதிக்குள் தீர்ப்பதையும் சேர்த்துக்கொண்டோம். விறகுக்காரருக்கும் சாக்கு தைக்கிறவருக்கும் வீடு உண்டல்லவா?

மூன்றாவது, வாங்குகிறவர்கள். நெகேமியா பதின்மூன்றாம் அதிகாரத்தில், எருசலேமின் வாசல்களை ஓய்வுநாளுக்கு முந்தின மாலையிலேயே, இருட்டத் தொடங்கும்போதே அடைக்கச் செய்தார் அந்த மனிதர். அப்படியும் வியாபாரிகள் ஒன்றிரண்டு முறை மதிலுக்கு வெளியே இராத்தங்கிக் காத்திருந்தார்கள். நம் காலத்தில் அவர்கள் காத்திருப்பது கைப்பேசிக்குள்ளே. கதவை அடைத்துவிட்டு வாட்ஸாப்பைத் திறந்துவைத்தால், வாசலை அடைத்ததாகுமா? நம் சகோதரர் நவம்பரிலேயே எல்லாருக்கும் கடைசி ஆர்டர் தேதியைத் தெரிவித்துவிட்டார். பெரும்பாலோர் சரி என்றார்கள். ஒரு பேக்கரிக்காரர், “அப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் போய்விட்டார். அது நஷ்டம்தான், மறைக்கவேண்டியதில்லை. விலையில்லாத கீழ்ப்படிதலை நான் கண்டதில்லை.

இன்னும் ஒன்று நடந்தது. அந்தப் பதினான்கு பேரில் ஐந்து பேர் மட்டுமே கிறிஸ்தவர்கள். கூலியோடு நான்கு நாள் விடுமுறை என்று அறிவித்தபோது, மூத்த அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, “எங்கள் பொங்கலுக்கும் இப்படி உண்டா தம்பி?” என்று கேட்டாராம். சகோதரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உண்டு அம்மா” என்றார். பொங்கலுக்கு மூன்றே வாரந்தான் இருக்கும். அதற்கான பணத்தை எங்கே சேர்ப்பது என்று என்னிடம் வந்து கேட்டார். பொங்கலுக்கு ஒரு நாளாவது கூலியோடு கொடுப்பது, தை முதல் மறுபடியும் உண்டியலைத் தொடங்கி அடுத்த ஆண்டு இரண்டு பண்டிகைக்கும் சமமாய்க் கொடுப்பது என்று தீர்மானித்தோம். நம் வாசலுக்குள் இருக்கும் அந்நியரையும் ஓய்வுநாள் கட்டளை விட்டுவிடவில்லையே.

நெய்வேலியில் வேலை செய்யும் சகோதரர்கள் இதை வாசிக்கும்போது ஒரு கேள்வி எழும். “ஐயா, அனல்மின் நிலையத்தை எப்படி மூடுவது? சுரங்கத்தில் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் என்னாகும்?” உண்மைதான். சில விளக்குகள் எரிந்தால்தான் மற்றவர்கள் பண்டிகை கொண்டாட முடியும். ஆனால் அங்கேயும் ஒவ்வொரு யூனிட்டையும் முறைவைத்து நிறுத்தி, கொதிகலனையும் டர்பைனையும் பழுதுபார்க்கிறார்கள் அல்லவா? 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதலாம் அனல்மின் நிலையம் 2020 வரை உழைத்தது, இடையிடையே நிறுத்திப் பராமரித்ததனால்தான். இரும்புக்குக் கொடுக்கும் ஓய்வை மனிதருக்கு மறுக்கலாமா? கிறிஸ்துமஸ் இரவில் ஷிப்டுக்குப் போகிறவர்களே, மருத்துவமனையில் விழித்திருக்கும் செவிலியரே, மீட்பர் பிறந்த செய்தி முதலில் வந்தது இராக்காவல் வேலையில் இருந்த மேய்ப்பர்களுக்கே. உங்கள் ஓய்வு வேறொரு நாளில் வரட்டும்; ஆனால் அதைத் தேதி குறித்து வையுங்கள். உங்கள் வீட்டார் ஒருநாள் பிந்திப் பண்டிகை வைத்தால் ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

இன்று தொடங்கினால் நான்கு நாளுக்கு ஆயத்தமாக முடியாமற்போகலாம். ஒரு நாளுக்கு முடியும். அந்த ஒரு நாளையாவது முழுமையாய்க் கொடுங்கள். உங்கள் கடையில் வேலைசெய்யும் பையனிடம், “ஊரிலிருந்து உன் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?” என்று இந்த வாரமே கேளுங்கள். அந்தக் கேள்வியை 2011-இல் நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் பதில் சொல்லப்பட்டது. அப்போதும் நான் செவிகொடுக்கவில்லை.

அந்த அக்கா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த அவருடைய விரல்கள் மட்டும் இன்னும் முழுவதும் வெளுக்கவில்லை. நற்கருணை வேளையில் அந்தக் கைகள் என் முன் நீளும்போது, அப்பத்தைக் கொடுக்கும் என் கை ஒரு கணம் தயங்கும். அவரோ என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் பெற்றுக்கொள்வார்.

ஜெபம்: எங்களைச் சிருஷ்டித்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்த ஆண்டவரே, எங்கள் கதவுகளைக் காலத்தோடே அடைக்க எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் இளைப்பாறுதலின் விலையை எங்களிலும் எளியவர்மேல் சுமத்தாதபடி எங்களைக் காத்தருளும். சத்திரத்தில் இடமில்லாமல் பிறந்த உமது குமாரனுக்கு எங்கள் நாட்களில் இடம் உண்டாகட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்